சொல்லாத அவசரம்

அவர் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. 'அந்தப் பொண்ணுக்கு நேரம் கிடைக்கும்போது' என்றுதான் சொன்னார். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மறந்து தொலைத்திருந்தால் எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும்.

இதை நினைத்தபடியே ஆர்லிஸ் எலுமிச்சை கேக் வைத்திருந்த தகர டப்பாவைத் திறந்தாள். வார்டு மேசையின் மறுபக்கத்தில் டாக்டர் ஹால்வர்சன் நின்று, கோட்டில் ஒட்டியிருந்த பனியைத் தட்டிக்கொண்டிருந்தார். மார்ச் பாதி கடந்துவிட்டது. ஜன்னலுக்கு வெளியே ஏரி இன்னும் பனிக்கட்டியாக இறுகித்தான் கிடந்தது.

"ஒண்ணு எடுத்துக்கங்க டாக்டர்."

"ஐயோ, வேண்டாம். இப்பதான் சாப்பிட்டு வர்றேன்."

"சின்னத் துண்டுதான்."

"இருக்கட்டும், மத்தவங்களுக்கு வேணுமில்ல."

"நேத்து செஞ்சது. யாராவது தின்னு தீர்க்கணுமே."

"அப்படியா? சரி, வீணாப் போகக் கூடாது" என்று பெரிய துண்டாகப் பார்த்து எடுத்துக்கொண்டார்.

வடக்கு மினசோட்டாவில் இரண்டு முறை மறுப்பது மரியாதை. மூன்றாம் முறை கேட்காமல் விடுபவருக்கு மனதில் ஈரமில்லை என்று பெயர். இந்தக் கணக்கைப் பள்ளிக்கூடத்தில் யாரும் சொல்லித் தருவதில்லை. நடக்கப் பழகுவதைப்போல அது தானாக வந்துவிடுகிறது.

கேக்குக்காக அவர் வரவில்லை என்பது ஆர்லிஸுக்குத் தெரியும். நோயாளிகளைப் பார்க்கும் நேரம் முடிந்து, நர்ஸுகள் சாப்பிடப் போன வேளையாகப் பார்த்து வந்திருக்கிறார். ஏரியில் பனி எப்போது உடையும் என்று பேசினார். போன வருடம் உறைந்த ஏரிமேல் ஓட்டிப்போன யாருடைய வண்டியோ பனி உடைந்து உள்ளே இறங்கியதைப் பேசினார். அவள் 'ஆமாம், ஆமாம்' என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் சுற்றிக்கொண்டிருந்த பொருளின் நடுவில் ஒரே ஒரு சொல் இருந்தது. ஸ்டாட்.

உடனே என்பதற்கு மருத்துவமனையில் வழங்கும் சொல் அது. லத்தீனிலிருந்து புறப்பட்டு வரும் வழியில் பாதி உதிர்ந்துவிட்டதாகச் சொல்வார்கள். அவசரத்தில் முழுச் சொல்லையும் சொல்ல யாருக்கு நேரம்? 'சீக்கிரம்' வேறு, 'இன்றைக்குள்' வேறு. ஸ்டாட் என்றால் கையில் இருப்பதைக் கீழே போட்டுவிட்டு இதை எடு என்று பொருள். வார்டு எழுத்தரான ஆர்லிஸ், டாக்டர் வாயால் சொல்லும் சோதனைகளைப் பதிந்து, ரத்தம் எடுத்த கண்ணாடிக் குழாய்களில் சீட்டு ஒட்டி ஆய்வகத்துக்கு அனுப்புவாள். வழக்கமானவற்றுக்கு வெள்ளைச் சீட்டு. ஸ்டாட் என்றால் சிவப்பு. சிவப்பு போய்ச் சேர்ந்தால், ஆய்வகத்துப் பெண் வாயில் வைத்த ரொட்டியையும் விட்டுவிட்டு எழுந்தாக வேண்டும்.

அந்தப் பெண் கைசா. இலையுதிர் காலத்தில்தான் மினியாபொலிஸிலிருந்து வந்து சேர்ந்தாள். வந்த புதிதில் ஒருநாள் காபிக் கோப்பையோடு இந்த மேசைக்கே வந்து நின்றாள்.

"அங்க எல்லாமே ஸ்டாட்தான் ஆர்லிஸ். டாக்டருக்கு வீட்டுக்குப் போக நேரமாச்சுன்னா ஸ்டாட். குழாய் எல்லாம் மிளகாய்ப் பழம் மாதிரி செவந்து கிடக்கும், எதை முதல்ல எடுக்கன்னே தெரியாது. இங்க என்னடான்னா, ஒரு வாரமா ஒரு சிவப்பு வரல. இந்த ஊர்ல யாருக்கும் சாகவே தெரியாதா?"

"சாவாங்க" என்றாள் நர்ஸ் பெவ், மாத்திரைகளைப் பிரித்தபடி. "யாருக்கும் தொந்தரவு குடுக்காம சாவாங்க."

மூவரும் சிரித்தார்கள். ஆனால் உண்மை அதுதான். இந்த ஊரில் ஒருவரை அவசரப்படுத்துவது அவர் தோளைப் பிடித்துத் தள்ளுவதற்குச் சமம். டாக்டர் ஹால்வர்சன் இந்த மண்ணில் பிறந்தவர். கவலை கூடக் கூட அவர் குரல் தணியும். மிக மோசமான கட்டத்தில் கழுத்துப்பட்டையின் நுனியால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, 'அவசரம் ஒண்ணுமில்ல ஆர்லிஸ், அவங்களுக்கு நேரம் கிடைக்கும்போது' என்பார்.

அவர் கண்ணாடியைத் துடைத்தால் ஆர்லிஸ் சிவப்பை எடுப்பாள். கூடவே ஆய்வகத்துக்கு ஒரு போனும் போடுவாள். யாரும் அவளிடம் அப்படிச் செய்யச் சொன்னதில்லை. வீட்டில் கணவன் ராய் 'பசி ஒண்ணும் இல்ல' என்றால் தட்டை எடுத்து வைக்க வேண்டும். 'காலு லேசா வலிக்குது' என்றால் வண்டிச் சாவியை எடுக்க வேண்டும். மற்றவர்கள் விழுங்கிய சொல்லை எடுத்து அவர்கள் வாக்கியத்தில் சேர்ப்பதே தன் வாழ்க்கை என்று அவளுக்குச் சில நாள் தோன்றும். உப்பு மாதிரி. இருக்கும்வரை யாருக்கும் அதன் நினைப்பே வராது.

போன மாதம் ஒருநாள் டாக்டர் ஒரு சிவப்புச் சீட்டைப் பார்த்துவிட்டார். நர்ஸுகள் எல்லோரும் நிற்கும்போது, சிரித்துக்கொண்டே, "நான் அப்படிச் சொன்னதா ஞாபகம் இல்லையே ஆர்லிஸ்" என்றார். அவ்வளவுதான். வேறு ஊராக இருந்தால் அது ஒன்றுமே இல்லை. இங்கே அது கன்னத்தில் விழுந்த அறை. அவள் கழுத்துவரை சூடேறியது.

அடுத்த வாரம் எல்மர் சண்ட்பியைக் கொண்டுவந்தார்கள். ஏரிக்கரையில் தூண்டில் கடை வைத்திருப்பவர். இதயத்துக்கு மருந்து சாப்பிடுகிறவர், இரண்டு நாளாகக் கால் தள்ளாடுகிறது என்றார்கள். ரத்தத்தில் பொட்டாசியம் ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்; ஏறினால் இதயம் நின்றுவிடலாம். டாக்டர் கண்ணாடியைத் துடைத்தார். "அந்தப் பொண்ணுக்கு நேரம் கிடைக்கும்போது" என்றார். துடைத்த கையை ஆர்லிஸ் பார்த்தாள். பார்த்துவிட்டு வெள்ளைச் சீட்டை ஒட்டினாள். போனையும் தொடவில்லை.

கோபமா அது? அன்றிலிருந்து தன்னையே கேட்டுக்கொண்டிருக்கிறாள். கோபம் என்று சொல்லும் அளவுக்கு அதில் சூடு இருக்கவில்லை. 'நீங்கள் சொன்னதைத்தான் எழுதினேன்' என்ற ஒரு சின்னத் திருப்தி மட்டும் இருந்தது. எவ்வளவு சரியான காரியம். அந்தச் சரிதான் இப்போது தொண்டையில் மீன் முள்ளாக நிற்கிறது.

கைசா குழாய்களை வந்த வரிசையிலேயே எடுத்தாள். எல்மருடைய குழாயின் முறை வருவதற்குள் அவருடைய இதயம் தடுமாறிவிட்டது. ஹெலிகாப்டர் வந்து டுலூத் நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது. பிழைத்துக்கொண்டார், அங்கே கொடுக்கும் காபி கழுவிய தண்ணீர் மாதிரி இருக்கிறது என்று நேற்று சொல்லி அனுப்பியிருந்தார். ஆனால் வியாழக்கிழமை விசாரணைக் கூட்டம் இருக்கிறது. தாமதம் எங்கே நேர்ந்தது என்று கேட்பார்கள். டாக்டரைக் கேட்பார்கள், கைசாவைக் கேட்பார்கள், இருவருக்கும் நடுவில் இருந்தவளையும் கேட்பார்கள்.

டாக்டர் விரலில் ஒட்டியிருந்த சர்க்கரைத் தூளைத் துடைத்துக்கொண்டார்.

"நீங்க எப்பவும் லேபுக்கு ஒரு போன் போட்டுருவீங்க, இல்லையா?"

"போடுவேன்."

"அன்னிக்கும் போட்டிருப்பீங்க."

ஆர்லிஸ் மேசையில் சிந்திய கேக் துகளை விரலால் ஒதுக்கினாள்.

"நான் என்ன நினைக்கிறேன்னா... நான் ஸ்டாட்னு சொல்லியிருப்பேன். நீங்களும் போன்ல கைசாகிட்ட சொல்லியிருப்பீங்க. சீட்டு வெள்ளையாப் போனது கை தவறினது, அது யாருக்கும் நடக்கும். அந்தப் பொண்ணு புதுசு, காதுல வாங்கல. நீங்க கூட்டத்துல அப்படிச் சொன்னா, எல்லாருக்கும் கொஞ்சம் சுலபமா இருக்கும்."

எல்லாருக்கும் என்ற சொல்லில் கைசா இல்லை. அவளுக்கு வேலை இன்னும் உறுதியாகவில்லை. ஒரு குற்றம் போதும், வெளியே அனுப்ப. ஏரிக்குத் தெற்கே ஒழுகும் கூரையோடு ஒரு வீட்டை ஆசைப்பட்டு வாங்கியிருக்கிறாள். நேற்று இதே இடத்தில் நின்று, "ஆர்லிஸ், நிஜமா சொல்லுங்க, நான் எதையாவது விட்டுட்டேனா?" என்று கேட்டாள். ஆர்லிஸ் அவளுக்குக் காபி ஊற்றிக் கொடுத்தாள்.

"எனக்கு அப்படி ஞாபகம் இல்லையே டாக்டர்" என்றாள் இப்போது.

அவர் முகம் வாடவில்லை. தலையை மெல்ல ஆட்டினார். "ஞாபகம்னா அப்படித்தான். எனக்கே எவ்வளவோ மறக்குது. ஜூனோட நான் ஓய்வு. வழியனுப்பு விருந்துக்கு சர்ச் மண்டபத்தைக்கூட சொல்லி வச்சிட்டாங்களாம், நீங்கதான் கேக் செய்யறீங்கன்னு கேள்விப்பட்டேன். கைசா சின்னப் பொண்ணு, கெட்டிக்காரி, மினியாபொலிஸ்ல ஆயிரம் இடம் இருக்கு அவளுக்கு. நமக்கு இந்த ஊரை விட்டா ஏது? போன் போடலன்னா உங்களையும்தானே ஏன்னு கேப்பாங்க?"

அதுவும் உண்மைதான். அந்தப் பொய்க்குள் அவளுக்கும் ஒரு நாற்காலி போட்டு வைத்திருந்தார்.

"வேண்டாமே டாக்டர். எனக்கு அது சரிப்படாது."

அவர் புன்னகைத்தார். அந்தப் புன்னகையைப் பார்த்ததும் ஆர்லிஸுக்குப் புரிந்துவிட்டது. அவள் மறுத்தது அவர் காதில் விழவே இல்லை. 'இப்பதான் சாப்பிட்டு வர்றேன்' என்று விழுந்திருக்கிறது. 'மத்தவங்களுக்கு வேணுமில்ல' என்று விழுந்திருக்கிறது. மூன்றாம் முறை கேட்பதற்காக அவர் நிதானமாக நின்றிருந்தார். பெரிய துண்டு கையில் வந்துவிடும் என்ற நம்பிக்கையோடு.

கழுத்துப்பட்டையின் நுனியை எடுத்துக் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினார்.

"அவசரம் ஒண்ணுமில்ல ஆர்லிஸ். இன்னும் நாள் இருக்கு. உங்களுக்கு நேரம் கிடைக்கும்போது யோசிச்சுப் பாருங்க. எனக்காக."

அந்தக் கையை அவள் பார்த்தாள். கண்ணாடி இல்லாத கண்கள் சிறுத்து, ஈரமாக, ஒரு வயதான மனிதனின் கண்களாக இருந்தன. எத்தனையோ பேரை இந்தக் கை காப்பாற்றியிருக்கிறது, ராயின் அம்மாவையும்தான். அவர் விழுங்கிய சொல்லை அவளுக்கு அகராதி இல்லாமலே படிக்கத் தெரியும். அவள் கைகூடப் பழக்கத்தில் மேசையின் மேல் கொஞ்சம் நகர்ந்தது, சிவப்புச் சீட்டுகள் இருந்த பக்கம். அதை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"யோசிக்க நேரம் வேண்டாம் டாக்டர், இப்பவே சொல்லிடறேன்" என்றாள். குரல் உயரவில்லை. "நீங்க சொல்லல. நீங்க கண்ணாடி துடைச்சதை நான் பார்த்தேன், ஆனா போன் பண்ணல. கேட்டா இந்த ரெண்டையும் சொல்லுவேன்."

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவளைப் பார்த்தபடி நின்றார். இன்னொரு முறை கேட்கலாமா என்று யோசிப்பதைப்போல இருந்தது. இந்த ஊரில் நான்காவது முறை கேட்கும் வழக்கம் கிடையாது. ஆனாலும் அவர் நகராமல் நின்றதால், ஆர்லிஸ் டப்பாவின் மூடியை மெதுவாக அழுத்தி மூடிவிட்டு, அவர் முகத்தைப் பார்த்தே சொன்னாள்:

"மாட்டேன் டாக்டர்."