அப்பாவிடம் மிஞ்சிய சொல்

பக்கவாதத்துக்குப் பிறகு அப்பாவிடம் ஒரே ஒரு சொல்தான் மிஞ்சியது. நாய்.

டிப்போவில் நின்று பஸ்களை நேரத்துக்கு அனுப்பிய காலமெல்லாம் அவர் பேச்சில் அது ஓடிக்கொண்டேதான் இருந்தது. வேலை நாய்ப் பொழப்பு. லீவு கேட்டால் மேலதிகாரி நாய் மாதிரி வள்ளென்று விழுவார். பென்ஷனுக்கு நாயாய் அலைந்தார். பட்டதெல்லாம் நாய் படாத பாடு. இப்போது மற்ற வார்த்தைகளெல்லாம் இறங்கிப்போய்விட, காலி பஸ்ஸில் அது மட்டும் உட்கார்ந்திருந்தது.

தண்ணீர் வேண்டுமென்றாலும் "நாய்", வலித்தாலும் "நாய்". குரலை வைத்து நானும் அக்காவும் புரிந்துகொள்வோம். அத்தானை வாசலில் பார்த்து, "நாய்!" என்று சிரித்தார்.

"மாமா இத்தனை நாள் மனசுக்குள்ள வெச்சிருந்ததை இப்பதான் வாய்விட்டுச் சொல்றார்," என்றார் அத்தான்.

பேச்சுப் பயிற்சியில் ஓர் இடம் காலியாக இருந்தது. ஒரு படத்தையாவது பார்த்துச் சரியாகப் பெயர் சொன்னால்தான் சேர்ப்பார்கள்.

பயிற்சி தரும் பெண் குடைப் படத்தைக் காட்டினாள். "இது என்னங்கய்யா?"

"நாய்."

நாற்காலி. "நாய்." சாவிப் படத்தைப் பார்த்ததும் அப்பாவின் இடது கை காற்றில் பூட்டைத் திறந்தது. வாய் மட்டும், "நாய்."

"கையைப் பாருங்க மேடம், அவருக்குத் தெரியுது!" என்றேன்.

"தெரியுதும்மா. ஆனா வாயில வரணுமே. நான் என்ன செய்ய?"

அக்கா சட்டென்று முன்னால் குனிந்தாள். "நாய்ப் படம் இருக்கா மேடம்? அதைக் காட்டுங்களேன், ப்ளீஸ்."

அந்தப் பெண் தயங்கினாள். பிறகு அட்டைகளைப் புரட்டி ஒன்றை எடுத்து வைத்தாள். காது தொங்கிய ஒரு நாய்.

அக்கா என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

அப்பா பார்த்தார். இதைச் சொன்னால் போதும் என்று அவருக்கும் புரிந்துவிட்டது. உதடுகள் குவிந்தன, விரிந்தன. கழுத்து நரம்பு புடைத்தது. தேடிப் பிடித்துச் சொல்லப் போனதும், அந்தச் சொல்லும் வரவில்லை.

"எப்பவும் சொல்றதுதானேப்பா," அக்கா கெஞ்சினாள். "நா... சொல்லுங்கப்பா, நா..."

அந்தப் பெண் வெகுநேரம் காத்திருந்தாள். அப்பாவின் கண் என்மேல் வந்து நின்றது. திட்டக்கூட ஒரு வார்த்தை இல்லாத கண்.

அப்பா அட்டையைக் கவிழ்த்து வைத்தார். கதவுக்கு வெளியே அடுத்த பெரியவர் மகனின் தோளைப் பிடித்தபடி நின்றிருந்தார். நான் சக்கர நாற்காலியின் பிரேக்கை எடுத்துவிட்டேன்.