அக்காவுக்கு ஒரே மச்சம்

அண்ணன் உள்ளே வந்தபோது ஸ்டூடியோக்காரி கம்ப்யூட்டரில் ஒரு மணப்பெண்ணின் படத்தில் மோவாயிலிருந்த பருவை எடுத்துக்கொண்டிருந்தாள். பக்கத்திலிருக்கும் நல்ல தோலைக் கொஞ்சம் எடுத்துப் பருவின் மேல் வைத்தால் போதும், இருந்த இடம் தெரியாது. தெருவில் எல்லோருக்கும் அவள் ஸ்டூடியோக்காரிதான். அண்ணன்கூடக் கோபம் வந்தால் அப்படித்தான் கூப்பிடுவான். அன்றைக்கு வாய் நிறைய “தங்கச்சி” என்றான். என்னவோ வில்லங்கம் என்று அவளுக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

அக்கா போய்ச் சேர்ந்து இன்னும் வருஷம் திரும்பவில்லை. புது வீட்டு ஹாலில் அவள் படத்தைப் பெரிதாக மாட்டவேண்டும் என்பது அண்ணனின் ஆசை. ஞாயிற்றுக்கிழமை அவன் மகளுக்குச் சம்பந்தம் பேச மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். அதனால் முகத்திலிருக்கும் வெள்ளையை மட்டும் எடுத்துவிட்டுப் பிரிண்ட் போடு என்றான்.

“குடும்பத்துல வர்றதுன்னு நெனச்சுட்டாங்கன்னா என் பொண்ணு கதி? மாட்டாம இருக்கவும் மனசு வரலம்மா.”

அக்காவுக்கு இடது கண்ணைச் சுற்றியும் இடது கன்னத்திலும் வெண்திட்டுகள். சின்ன வயதில் நகத்தளவு வந்து, தன் இஷ்டத்துக்குப் பரவி, ஒரு கட்டத்தில் போதும் என்று நின்றுவிட்டது. தலை வாரும்போது கண்ணாடியைப் பார்த்து, “இன்னிக்கு ஏதாவது புது நாடு பிடிச்சிருக்கா?” என்று அவளே கேட்பாள்.

அண்ணன் கேட்ட அந்தப் படம், ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த ஒரு பகலில் ஸ்டூடியோ ஜன்னலோரம் எடுத்தது. அக்காவைப் படமெடுப்பது லேசு இல்லை. மாநிறத்துக்கு வெளிச்சம் வைத்தால் திட்டுகள் வெளிறி வெறும் தாளாகிவிடும். திட்டுக்கு வைத்தால் மீதி முகம் இருட்டில் மூழ்கும். ஸ்டூடியோக்காரி திட்டுக்குத்தான் வைத்தாள். அப்புறம் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து இருட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கினாள். திட்டின் ஓரம் வளைந்து வளைந்து போவதும், அதற்குள்ளிருந்த மெல்லிய சுருக்கங்களும், வலது கன்னத்து மச்சமும் கண்ணுக்குத் தெரிகிறவரை விடவில்லை. அழிப்பது அரை மணி வேலை. அக்காவை அக்காவாகவே வைப்பதற்குத்தான் நாள்கணக்கில் ஆனது.

“ஊரார் பருவெல்லாம் அழிக்கற. சொந்த அக்காவுக்குச் செய்யக் கை வலிக்குதா?” என்றான் அண்ணன்.

“பரு ஒரு வாரத்துல தானா போயிடும். தானா போறதைத்தான் எடுக்கறேன். கூடவே இருக்கறதை, அவங்களா கேக்காம தொடமாட்டேன்.”

அந்தச் சட்டம் அக்கா போட்டது. தொழில் தொடங்கிய புதிதில் அக்காவின் அடையாள அட்டைக்கு ஸ்டூடியோக்காரிதான் படம் எடுத்தாள். கை பழகிய வேகத்தில், கேட்காமலே முகம் முழுக்கத் துடைத்துவிட்டாள். ஆபீசில் இருந்தவர் படத்தையும் ஆளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, சம்பந்தப்பட்டவரை நேரில் வரச் சொல்லுங்கள் என்று திருப்பி அனுப்பினார். அக்கா நேராக ஸ்டூடியோவுக்கு வந்து படத்தை மேஜையில் போட்டாள். “யாருடி இவ? நல்லாத்தான் இருக்கா. இவளையே கூப்பிட்டு உனக்கு அக்காவா வெச்சுக்கோ, நான் கெளம்பறேன்” என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் அடுத்த படம் எடுக்கும்வரை உட்காரவில்லை.

“அவ இருந்தா கேக்கலாம். இப்ப யாரைப் போய் கேக்கறது?”

“அவ எப்பவோ சொல்லிட்டா, அண்ணா. நீதான் காதுல வாங்கல.”

ஊரில் இவள் ஒருத்திதான் ஸ்டூடியோ வைத்திருக்கிறாளா என்று கத்திவிட்டு அண்ணன் படியிறங்கினான். தாராளமாகப் போகச் சொன்னாள். அவன் போனதும் பருவை அப்படியே விட்டுவிட்டு, இருப்பதிலேயே பெரிய தாளை எடுத்து மிஷினில் போட்டாள்.

ஞாயிறு காலை, சட்டம் போட்ட படத்தைப் போர்வையில் சுற்றிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனாள். ஹால் சுவரில் ஏற்கெனவே ஒரு அக்கா இருந்தாள். அண்ணன் தன் போனிலிருந்த சின்னக் காப்பியைக் கொடுத்து வேறு கடையில் செய்து வாங்கியிருந்தான். முகம் மாவு பிசைந்து தேய்த்த மாதிரி வழவழவென்று இருந்தது. ஸ்டூடியோக்காரி கிட்டே போய்ப் பார்த்தாள். அவளுக்கு அழுகை வந்திருக்கவேண்டும், சிரிப்புதான் வந்தது.

“அண்ணா, அக்காவுக்கு எத்தனை மச்சம்?”

“ஒண்ணு. வலது கன்னத்துல. இது என்ன கேள்வி?”

“எண்ணிப் பாரு.”

இடது கன்னத்துக்கு நல்ல தோல் வேண்டுமே என்று கடைக்காரன் வலது கன்னத்தை அப்படியே திருப்பி ஒட்டியிருந்தான். அதோடு மச்சமும் கூடவே வந்துவிட்டது. அண்ணன் மகள் எட்டிப் பார்த்து, வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். இரண்டு நாளாகத் தினமும் அந்தப் படத்தைப் பார்த்து நின்றவன் அண்ணன். அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான், மறுபடி போட்டான்.

ஸ்டூடியோக்காரி அந்தப் படத்தைக் கழற்றிக் கீழே வைத்தாள். போர்வையை உருவி, அதே ஆணியில் தன் படத்தை மாட்டினாள். அண்ணன் கெஞ்சினான்: இன்றைக்கு மட்டும் உள் அறையில் இருக்கட்டும், பேச்சு முடியட்டும், நாளைக்கு நானே எடுத்து வந்து மாட்டுகிறேன்.

“அவ உயிரோட இருந்தா அவளையும் உள்ளே போய் உக்காருன்னு சொல்லியிருப்பியா?”

அண்ணன் பதில் சொல்வதற்குள் வாசலில் கார் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அவன் படத்தை நோக்கி ஓர் அடி எடுத்து வைத்தான். நடுவில் தங்கை நின்றாள். அவள் பக்கத்தில் மகளும் வந்து நின்றுகொண்டாள்.

வந்தவர்கள் உட்கார்ந்தார்கள். வெயிலையும் வழியையும் பற்றிப் பேசினார்கள். மாப்பிள்ளையின் அம்மாவின் கண் சுவரிலேயே இருந்தது. கடைசியில் அது யார் என்று கேட்டார். அண்ணன் தரையைப் பார்த்தான்.

“எங்க அக்கா. நான்தான் எடுத்தேன்” என்றாள் ஸ்டூடியோக்காரி.

அந்த அம்மாள் எழுந்து படத்தின் அருகே வந்து கண்ணைச் சுருக்கினார். “முகத்துல அது என்ன, வெளிச்சமா?”

“வெளிச்சம் இல்லம்மா. அவ முகமே அப்படித்தான். இருங்க, நல்லா பாருங்க” என்று சொல்லி, போய் ஜன்னல் திரையை முழுவதுமாக விலக்கினாள்.