பத்தே முக்கால்

புனிதன் ஒரு வெள்ளைக்காரியை வைத்திருக்கிறார் என்று புக்கிட் பெருந்துங்கில் ஒரு காலத்தில் பேச்சு இருந்தது. சனி, ஞாயிறு என்றால் மனுஷன் வீட்டில் தங்குவதில்லை. கேட்டால், கோல சிலாங்கூருக்கு மார்கரெட்டைப் பார்க்கப் போகிறேன் என்பார். மார்கரெட் முப்பத்திரண்டு அடிப் பாய்மரப் படகு. யாரோ ஓர் ஆஸ்திரேலியக் கிழவர் மீன்பிடித் துறையில் கட்டிவிட்டுப் போய்த் திரும்பியே வராததால், கிடைத்த விலைக்குப் புனிதன் கைக்கு வந்தது. அதை முதன்முதலில் பார்த்த அன்று தனேஸ்வரி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"எனக்குச் சக்களத்தி கொண்டாரதுன்னு ஆச்சு, கொஞ்சம் நல்லவளா பாத்திருக்கக் கூடாதாலா?"

அந்தச் சக்களத்தியோடு ஏழு வருஷம் குடித்தனம் செய்தாள். பாசி சுரண்டியது, சாயம் அடித்தது, கிழிந்த பாயைத் தைத்தது எல்லாவற்றிலும் அவள் கை உண்டு. அதில் அவளுக்கு ஒரு சுயநலமும் இருந்தது. மார்கரெட் வருவதற்கு முன் பத்து வருஷம் அவளும் புருஷனும் ஒரே வீட்டில் இரண்டு வாடகைக்காரர்களைப் போலத்தான் இருந்தார்கள். சாப்பாடு ஆச்சா, கதவு பூட்டியாச்சா, அதோடு பேச்சு தீர்ந்தது. படகுக்கு வந்த பிறகுதான், "தனேசு, அந்த ஸ்பேனரக் குடு" என்று அவர் வாய் திறந்தார். ஒரு ஸ்பேனரில் தொடங்கிய பேச்சு, போகப்போக ரப்பர் தோட்டத்தில் அவர் பண்ணிய குறும்புகள் வரைக்கும் போனது. தொலைந்துபோன மனுஷனை அந்தப் படகுதான் அவளுக்குத் தேடிக் கொடுத்தது.

மகள் ரூபிணிதான் அந்தப் பத்து வருஷ மௌனம். புது வீட்டுக்குப் பால் காய்ச்சிய அன்று சாமான் ஏற்றிய லோரி தாமதமாக வந்தது. குறித்த நேரம் தவறி ராகு காலம் பிறந்துவிட்டது. ஒன்றரை மணி நேரம் பொறுக்கலாமே என்றாள் தனேஸ்வரி. "எனக்கு அரை நாள்தான் லீவு. பாலுக்கு என்னா மணி தெரியுமா?" என்று சிரித்துக்கொண்டே புனிதன் அடுப்பைப் பற்றவைத்தார். நாலாவது மாதம் ரூபிணி டிங்கிக் காய்ச்சலில் போய்விட்டாள். ஆறு வயது. 

கொசு கடித்துப் போன பிள்ளைக்குப் பாலும் அடுப்பும் என்ன பண்ணும்? தனேஸ்வரிக்கு அது தெரியும். சாமி கும்பிடுவதை விடவில்லை, நேரம் பார்ப்பதை மட்டும் அன்றோடு விட்டாள். புனிதன்தான் தலைகீழாக மாறிப்போனார். நாள்காட்டியைப் பார்க்காமல் முடிகூட வெட்டிக்கொள்ள மாட்டார். பாவம், பயந்துபோன மனுஷன், அவர் போக்கிலேயே விட்டுவிடுவோம் என்று அவள் இருந்துவிட்டாள். உங்கள் மேல் எனக்குக் கோபமில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லாமலே பதினேழு வருஷம் ஓடியது.

அவர் வேலையிலிருந்து நின்றதும் வீட்டை விற்றார்கள். இனிப் படகுதான் வீடு. முதல் நாள் புலாவ் அங்சா தீவில் நங்கூரம், பிறகு பங்கோர், லங்காவி, அதற்கப்பால் காற்று விட்ட வழி. தனேஸ்வரி மிளகாய்த்தூள், ஊறுகாய், நெத்திலிக் கருவாடு என்று டப்பா டப்பாவாக அடுக்கினாள். அவருக்கென்று ஒரு தினசரி நாள்காட்டியும் வாங்கிப் போனாள். பார்த்தால் அடுப்புக்கு மேலே அவர் ஏற்கெனவே ஒன்றை மாட்டியிருந்தார். அவளுக்குச் சிரிப்பு வந்தது. இந்த மனுஷன் நிம்மதியாகக் கிளம்ப வேண்டுமானால் நேரம் குறித்தே ஆகவேண்டும் என்று கோயிலுக்குப் போய் ஐயரிடம் கேட்டு வந்தாள்.

"வியாழக்கெழம. காலையில எமகண்டம் வருதாம். பத்தே முக்காலுக்குக் கயித்த அவுக்கச் சொல்றாரு."

புனிதன் சுவரில் ஒட்டியிருந்த கடல் ஏற்ற இறக்க அட்டவணையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அந்தக் கணக்கெல்லாம் அவருடையது. அவள் அதில் தலையிடுவதில்லை.

"சரியா இருக்கு தனேசு," என்றார்.

வியாழக்கிழமை தேங்காய் உடைத்தார்கள். சக்கரமில்லாத வண்டிக்கு எலுமிச்சம்பழத்தை எங்கே வைப்பது என்று அவள் கேலி செய்தாள். சரியாகப் பத்தே முக்காலுக்குக் கயிறு அவிழ்ந்தது. துறையில் நின்ற மீனவர் ஆ லெங் இரண்டு கையையும் ஆட்டி ஆட்டி என்னவோ கத்தினார். இஞ்சின் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. புனிதன் கையசைத்தார். என்ன பாசம் இந்தச் சீனருக்கு என்று தனேஸ்வரியும் கையசைத்தாள்.

ஆற்று முகத்தில், கடல் அதோ என்று தெரிகிற இடத்தில், மார்கரெட் நின்றது. இடிக்கவில்லை, அலறவில்லை. இறுகிய களியில் கரண்டி நிற்பதுபோல நின்றது. புனிதன் இஞ்சினை முடுக்க, பின்னால் சேறுதான் பொங்கியது. அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் இஞ்சினை அணைத்துவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

தண்ணீர் இறங்கிக்கொண்டே போனது. படகு மெல்ல இடப்பக்கம் சாய, ஊறுகாய் பாட்டில்கள் உருண்டு உடைந்தன. ஒரு மணிக்கு மார்கரெட் முழுசாகப் படுத்துவிட்டது. சுற்றிலும் சேறு, அதில் கொக்குகள் காலாற நடந்தன. அப்போதுதான் அடியில் படீர் என்று சத்தம் கேட்டது. யாரோ எப்போதோ கெராங் சிப்பி வளர்க்க நட்டுவிட்டுப் போன மரக்கம்பு சேற்றுக்குள் நின்றிருக்கிறது. படகின் பாரம் முழுக்க அதன்மேல் இறங்கி, விலாவில் ஒரு முழத்துக்கு உடைந்துபோனது. மெத்தையைத் திணித்தார்கள். அவளுடைய சேலைகளைத் திணித்தார்கள். பலகை வைத்து அடித்தார்கள். தண்ணீர் ஏறுவதற்குள் அடைத்துவிட்டால் படகு தானே நிமிர்ந்துவிடும் என்று புனிதன் திரும்பத் திரும்பச் சொன்னார்.

ஏற்றம் வந்தது, கூடவே காற்றும் வந்தது. மார்கரெட் நிமிர்வதற்கு முன் தண்ணீர் உள்ளே புகுந்துவிட்டது.

நாலு மணி போல ஆ லெங் தன் சம்பான் தோணியை ஓட்டி வந்து இருவரையும் ஏற்றிக்கொண்டார். மனுஷனுக்கு ஆத்திரம் அடங்கவில்லை. விடிந்ததும் ஆறு நிறைந்து கிடந்ததே, ஏழு மணிக்கே போயிருந்தால் இந்நேரம் தீவில் சோறு பொங்கியிருக்கலாமே, போகாதே போகாதே என்று கத்தினேனே, உன் புருஷன் பார்த்துக்கொண்டேதானே போனான் என்று மலாயில் தனேஸ்வரியிடம் பொரிந்து தள்ளினார்.

அவள் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள்.

"தண்ணி எறங்குதுன்னு ஒங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா பத்தே முக்காலுக்கு அவுத்தீங்க?"

புனிதன் தலை நிமிரவில்லை. முழங்கை வரை சேறு காய்ந்திருந்தது.

"நீ குறிச்சிட்டு வந்த நேரம் தனேசு. எனக்கு இதுல நம்பிக்கையே கெடையாது. அன்னிக்கும் இல்ல, இன்னிக்கும் இல்ல. அந்தக் காலண்டர்கூட ஒனக்காகத்தான் பாத்தேன். அன்னிக்குப் பொறுங்கன்னு சொன்ன, நான் கேக்கல. பிள்ள போயிட்டா. நீ ஒரு வார்த்த திட்டல. திட்டியிருந்தா பரவால்ல. ஓட்டிப் பாப்போம், தாண்டிருவோம்னு நெனச்சேன். இந்தத் தடவையாவது ஒன் பேச்சக் கேக்கணும்னு இருந்துச்சு."

உங்களுக்காகத்தான் நான் ஐயரிடம் போனேன், எனக்கும் அதில் நம்பிக்கை இல்லை என்று தனேஸ்வரிக்கு நாக்கின் நுனி வரை வந்துவிட்டது. இவர் அவளுக்காக, அவள் இவருக்காக. இரண்டு பேருமே நம்பாத ஒரு நேரத்துக்கு, இருந்த ஒரே வீட்டைத் தூக்கிக் கொடுத்திருக்கிறார்கள். அதைச் சொன்னால் இந்த மனுஷன் தாங்குவாரா? படகும் போய், போனதற்கு ஒரு காரணமும் இல்லாமல் போய்விடுமே.

அந்தப் பக்கம் மார்கரெட்டின் பாய்மரம் ஒருக்களித்தபடி அலையில் ஆடிக்கொண்டிருந்தது. அரிசி மூட்டை ஊறும், இரண்டு நாள்காட்டிகளும் கரையும். ஏழு வருஷத்துச் சக்களத்தி. அவளுக்காகத் தனேஸ்வரிக்கு அழுகை பொங்கியது.

"தனேசு," என்றார் புனிதன். "இப்பவாச்சும் என்னைய மன்னிச்சிருவியா?"

மன்னிக்க அவளிடம் என்ன இருந்தது? பதினேழு வருஷத்தில் ஒரு நாளாவது அவரைக் குற்றவாளியாக நினைத்ததுண்டா? அவள் அவருடைய சேற்றுக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"மன்னிச்சிட்டேங்க," என்றாள்.

ரூபிணி போன அன்றுகூட அழாத மனுஷன், ஆ லெங் பார்த்துக்கொண்டிருக்க, வாய்விட்டு அழுதார்.