மாப்பிள்ளையின் கம்பெனி

கிருபாசங்கருக்கு அந்த வாரம் முழுவதும் தீபாவளிதான். டில்லியில் ஒரு மந்திரி, தன் ஊழலைப் பற்றி அறிக்கை கொடுத்த உளவுத்துறை அதிகாரியைப் பழிவாங்க, அவர் பெயரை ஒரு நிருபரின் காதில் போட்டுவிட்டார். வெளிநாட்டில் வியாபாரி வேடத்தில் இருந்த மனிதர் மறுநாள் காலைப் பேப்பரில் படத்தோடு வந்துவிட்டார். வெறும் வாயை மென்றுகொண்டிருந்த சேனல்களுக்கெல்லாம் அவல் கிடைத்தது. சிங்காநல்லூரில் ஒரு பம்ப்செட் பட்டறையின் மாடியில் நடக்கும் ‘நொய்யல் மேடை’ யூடியூப் சேனலுக்கும் அதில் ஒரு பிடி கிடைத்தது.

கிருபாசங்கர் அந்தச் சேனலின் ஆஸ்தான அரசியல் விமர்சகர். பகலெல்லாம் விசைத்தறிக்கு உதிரிபாகம் விற்பார். மாலை ஏழு மணிக்குக் கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு நாட்டைத் திருத்த உட்கார்ந்துவிடுவார். இந்த ஐம்பத்தெட்டு வயதில் ஒரு செய்தி அவர் வாய்க்குள் ஒரு மணி நேரம் தங்கியதில்லை. அப்படிப்பட்டவர் ரகசியம் காப்பதைப் பற்றிப் பேச வந்ததுதான் வேடிக்கை.

“உளவாளியோட பேர வெளிய சொல்றது, அவன் தலைய எடுக்கறதுக்குச் சமமுங்க!” என்று ஐந்து நாளாக மேசையைத் தட்டினார். ஒன்றரை லட்சம் பேர் பார்த்தார்கள். மேசைதான் ஒரு பக்கம் ஆட ஆரம்பித்தது.

ஆறாம் நாள் நேரலை நடந்துகொண்டிருந்தபோது தொகுப்பாளர் அஃப்ஷீன் செல்போனைப் பார்த்தபடி குறுக்கிட்டார்.

“சார், இப்ப ஒரு தகவல் வந்திருக்குங்க. அந்த அதிகாரி வேல பாத்த கம்பெனி பேரும் வெளிய வந்திருச்சு. மெரிவேல் டிரேட்லிங்க்ஸ், நைரோபி. அங்க வியாபாரமே நடக்கலியாம். சம்பளம் வாங்கற அத்தன பேரும் உளவுத்துறை ஆளுங்கதானாம்.”

மந்திரியைத் திட்டத் திறந்த வாயைக் கிருபாசங்கர் அப்படியே மூடிக்கொண்டார். அவருடைய அக்கா வள்ளியாத்தாளின் மருமகன் கவினுக்கு அந்தக் கம்பெனியில்தான் வேலை. அக்கா மகள் நித்யஸ்ரீயும் அவனோடு நைரோபியில்தான் இருக்கிறாள்.

போன தை மாதம் கல்யாணம். அழைப்பிதழுக்கு வாசகம் எழுதியவர் தாய்மாமன் கிருபாசங்கர். “கம்பெனி பேரெல்லாம் வேண்டாமுங்க, எம்.பி.ஏ.ன்னு மட்டும் போட்டாப் போதுமுங்க,” என்று கவின் இரண்டு முறை சொன்னான். “அதெப்படிங்க மாப்பிள்ளை, நாலு பேருக்குத் தெரிய வேண்டாமுங்களா?” என்று சொல்லி இவர் அதைக் காதில் வாங்கவே இல்லை. கம்பெனி, பதவி, நாடு எல்லாம் பொன் எழுத்தில் ஏறின. இரண்டாயிரம் அழைப்பிதழ். போதாதென்று கருமத்தம்பட்டி மண்டப வாசலில் கோட்டுப் போட்ட கவின் படத்தோடு இருபதடிக்கு ஒரு பேனர். மந்திரியாவது ஒரு நிருபரிடம் சொன்னார். தாய்மாமன் இரண்டாயிரம் வீட்டுக்கு மஞ்சள் தடவிக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இவர் கெட்டால் தொலையட்டும், அந்தப் பிள்ளைகளுக்கு என்ன ஆகும்?

அதற்குள் அஃப்ஷீன் நேரலையில் வந்த கருத்து ஒன்றை வாசித்தார். “சார், பெருந்துறையில இருந்து ஒருத்தர் போட்டிருக்காருங்க. ‘கிருபா அண்ணனோட அக்கா மருமகன் அந்தக் கம்பெனிதானுங்களே, கல்யாணப் பத்திரிகையில பாத்தேனே’ங்கறாரு. நெசமாங்க சார்?”

விவாதத்துக்கு எதிரே உட்கார்ந்திருந்த ஆளுங்கட்சிப் பேச்சாளர் நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டார். இல்லை என்று சொன்னால் அழைப்பிதழைப் படமெடுத்துப் போடுவார்கள். சொல்ல மாட்டேன் என்றால் ஆமாம் என்று ஆகிவிடும். மிச்சமிருந்தது ஒரே வழி.

“பத்திரிகையில இருக்கறதே பொய்யிங்க,” என்றார். “நாந்தானுங்க போட்டேன். அந்தப் பையன் படிப்பு முடிக்கல. அங்க ஒரு மளிகைக் கடையில மூட்ட தூக்கறான். பத்திரிகையில அத எப்படிங்க போடறது? நம்ம சனம் சிரிக்காதா? இன்டர்நெட்டுல தேடி, பெருசா ஒரு கம்பெனி பேர எடுத்துப் போட்டுட்டேன். அது இப்படிப்பட்ட கம்பெனின்னு எனக்கெப்படிங்க தெரியும்?”

அஃப்ஷீன் வாயைப் பொத்திக்கொண்டார். பேச்சாளர் கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

மறுநாள் விடிவதற்குள் அவர் மானம் கப்பலேறிவிட்டது. ‘மூட்டை மாமா’ என்று மீம் போட்டார்கள். சேனல்காரர்கள், “கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுங்க சார்” என்றார்கள். ஆனால் அந்த இரண்டாயிரம் வீட்டில் ஒருவருக்குக்கூடக் கவின்மேல் சந்தேகம் வரவில்லை. கல்யாணப் பத்திரிகையில் பொய் இருக்கும் என்பதை நம்ப ஊருக்கு யாரும் சாட்சி சொல்ல வேண்டியதில்லை.

காலை எட்டு மணிக்கே அக்கா காரில் வந்து இறங்கினாள். காபியைத் தொடவில்லை.

“ஏன்டா, என்ற மருமகன் மூட்ட தூக்கறவனா? சம்பந்தி ஊட்டுல போன எடுக்க மாட்டேங்கறாங்க. எதுக்குடா அப்படிச் சொன்னே? ஒரு காரணஞ் சொல்லு!”

காரணம் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் அவளும் அவரோடு கூடப் பிறந்தவள் அல்லவா? இங்கே சொன்னால் மத்தியானத்துக்குள் கருமத்தம்பட்டி முழுக்கப் போய்விடும்.

“வாய் தவறிப்போச்சுங்கக்கா.”

“இனி என்ற ஊட்டு வாசப்படி மிதிச்சுப்போடாதே,” என்றாள் வள்ளியாத்தாள். காரில் ஏறும்போது அழுதாள். தாய் தகப்பன் போன பிறகு அவருக்கென்று இருந்த பிறந்த வீடு அந்த அக்கா ஒருத்திதான். அவர் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார்.

ஒரு வாரம் கழித்து நித்யஸ்ரீ அவருடைய கடைக்கு வந்தாள். மெலிந்திருந்தாள். கடையில் வேறு யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்.

“நைரோபியில விசாரிக்கறதுக்கு அந்த ஊரு போலீஸ்காரங்க ரெண்டு பேரு ஊட்டுக்கே வந்துட்டாங்க மாமா. இவரு உங்க வீடியோவப் போட்டு, ஒவ்வொரு வரியா இங்கிலீஷுல சொன்னாரு. விழுந்து விழுந்து சிரிச்சாங்க. தோள்ல தட்டிக்குடுத்துட்டுப் போயிட்டாங்க. அடுத்த பிளேனுக்கே கெளம்பி வந்துட்டோமுங்க.”

கிருபாசங்கர் கல்லாவில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு குழந்தைபோல அழுதார். அவள் பக்கத்தில் வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அம்மா உங்க பேர எடுத்தாலே எந்திரிச்சுப் போயிடறாங்க. நான் சொல்லிப்போடட்டுங்களா மாமா?”

“வேண்டாம் கண்ணு,” என்றார் கண்ணைத் துடைத்தபடி. “தெரிஞ்சா அவளுக்குச் சந்தோசம் தாங்காது. சந்தோசம் வந்துட்டா அவ வாய் நிக்காது. என்மேல கோவமாவே இருக்கட்டும்.”