புதன்கிழமைக் கையெழுத்து

விடியற்காலை நாலரை மணிக்கு எங்கள் ஆஸ்பத்திரியில் முதலில் கண் விழிப்பது பம்ப் ஸ்டவ். வியாகுலமேரி முட்டி போட்டு இருபது தடவை அடித்தால், இருபத்தோராவது தடவை அது மனமிரங்கி நீலமாகச் சீறும். கண்ணாடி சிரிஞ்சுகளைத் துணியில் சுற்றிப் பாத்திரத்தில் இறக்குவாள். கொதிக்கிற தண்ணீரிலிருந்து எடுத்தெடுத்து அவளுடைய வலது கையில் மூன்று விரல்களுக்கு ரேகையே மங்கிப்போயிருந்தது. அந்தப் பக்கம் ஆயா பிச்சையம்மாள் கிணற்றோடு மல்லுக்கு நிற்பாள். வாளியை இறக்கிவிட்டு, வெற்றிலை போட்டு, மென்று, துப்பி முடித்த பிறகுதான் கீழே 'தொப்' என்று சத்தம் கேட்கும். அப்படி நாற்பது வாளி.

ஊசிகளைச் சாணைக்கல்லில் தீட்டுவது என் வேலை. நான் அங்கே கம்பவுண்டர், பெயர் ஆவுடையப்பன். டாக்டர் சபாநாயகம் லேசில் புது ஊசி வாங்கமாட்டார். வரும்போது விரல் நீளம் இருந்த ஊசி, தீட்டித் தீட்டி எள்ளளவுக்கு வந்துவிடும். அப்படி ஒன்றை ஒருநாள் கொசு தன்னுடையது என்று நினைத்து எடுத்துக்கொண்டு போனது. பிச்சையம்மாள் சாட்சி. அவளைக் கேட்டால் இல்லை என்பாள், அப்போது அவள் அந்தப் பக்கம் திரும்பி நின்றாள்.

ஆலங்குடி சாலையில் இருபத்திரண்டு கட்டில் உள்ள ஆஸ்பத்திரி அது. கட்டிலும் டாக்டருடையது, கட்டடமும் டாக்டருடையது, நாங்களும் ஏறக்குறைய அப்படித்தான். நர்சுகள் மூன்று பேர்: வியாகுலமேரி, அற்புதமேரி, பிரகதாம்பாள். மூன்று பேரும் முறையாகப் படித்து மதராஸ் நர்சிங் கவுன்சிலில் பெயர் பதிந்தவர்கள். அந்தப் பதிவு இருந்தால்தான் நர்ஸ். இல்லாவிட்டால் வெள்ளைச் சேலை கட்டிய பெண், அவ்வளவுதான்.

டாக்டரிடம் சாம்பல் நிற மோரிஸ் கார் ஒன்று இருந்தது. எஞ்சினை அணைத்தால் மறுபடி உயிர் கொடுக்க ஆறு பேர் ஆலங்குடி எல்லை வரை தள்ள வேண்டும். அதனால் அவர் அணைக்கவே மாட்டார். ஒரு கேஸ் பார்க்கக் கிளம்பும்போது வாசலில் காரை உறுமவிட்டு, ஜன்னல் வழியாகவே கட்டில் நம்பரைச் சொல்லி ஆர்டர் போடுவார். "ஏழுக்கு பென்சிலின் நாலு லட்சம் யூனிட்டு. பத்துக்கு கட்டு மாத்து. பன்னெண்ட வீட்டுக்கு அனுப்பு." ட்யூட்டி நர்ஸ் ஓடிப்போய்க் கேட்டு வந்து ஆர்டர் புஸ்தகத்தில் எழுதிக்கொள்வாள். சனிக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டு டாக்டர் புஸ்தகத்தை வாங்கி, ஒரு வாரத்துக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போடுவார். பல்லி ஓடுவதுபோல் பேனா பக்கம் பக்கமாக ஓடும்.

வியாகுலமேரி வந்த புதிதில் இதைக் கேட்டாள். "சார், அன்னன்னைக்கே கையெழுத்து வேணும்னு எங்களுக்குச் சொல்லிக் குடுத்தாங்க."

"நீ ஆவூர் சர்ச்சு சாமியாரு சிபாரிசுக் கடுதாசியோட வந்த புள்ள. எனக்கு மக மாதிரி. நான் இருக்கயில ஒரு கையெழுத்தா ஒன்னயக் காப்பாத்தப் போகுது?"

அவள் நம்பினாள். ஆறு வருஷம் நம்பினாள். நாங்களும் நம்பினோம், அது வேலையைச் சுருக்கமாக்கியது.

அறுபத்தொன்றாம் வருஷம் ஐப்பசி, கடலை பிடுங்குகிற நேரம். ஒரு புதன்கிழமை காலை ஆண்டிச்சாமி என்கிற கூலிக்காரர் தன் மனைவி செங்கமலத்தைத் தோளில் சாய்த்துக் கூட்டிவந்தார். களைக்கொத்து பட்டுப் பாதம் சீழ் பிடித்திருந்தது. டாக்டர் பாதத்தைப் பார்த்தார், பென்சிலின் போடச் சொல்லிவிட்டுப் போய்க் காரில் ஏறினார். வியாகுலமேரி செங்கமலத்திடம் வழக்கமான கேள்விகளைக் கேட்டாள்.

"முன்னாடி எப்பவாச்சும் ஊசி போட்டிருக்கீங்களா?"

"போன வருசம் புதுக்கோட்டையில போட்டாக. மேலெல்லாம் தடிதடியா வந்து, மூச்சு முட்டிப் போச்சு நர்ஸம்மா."

வியாகுலமேரி வாசலுக்கு ஓடினாள். மருந்துக் கொட்டகை ஜன்னல் காருக்கு நேரே இருந்தது. அங்கே நின்ற என் காதில் எல்லாம் விழுந்தது. வராந்தா கழுவிக்கொண்டிருந்த பிச்சையம்மாளும் கேட்டாள்.

"சார், அந்தம்மாவுக்கு முன்னாடி ஊசியில தடிச்சிருக்காம். கொஞ்சமா டெஸ்ட் போட்டு அரைமணி பாக்கட்டுமா?"

"அரைமணியா? வராந்தாவுல பதினஞ்சு பேரு குந்தியிருக்கான். முழுசா போடும்மா."

"இல்ல சார், அந்தம்மா சொல்றதப் பாத்தா..."

"டாக்டர் நீயா நானா?"

கார் போய்விட்டது. அவள் புஸ்தகத்தில் எழுதினாள். சிரிஞ்சைக் கையில் எடுத்து, வைத்து, மறுபடி எடுத்ததை நான் வார்டு ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பிறகு போட்டாள்.

இதில் கதை கட்ட எனக்கு ஒன்றும் இல்லை. நாலு நிமிஷத்தில் செங்கமலத்தின் உதடு நீலமாகியது. அதற்கான மாற்று மருந்து டாக்டர் அறை பீரோவில் இருந்தது. பீரோ சாவி கார் சாவியோடு ஒரே வளையத்தில் கோத்திருந்தது. கார் எஞ்சின் ஓடிக்கொண்டே குன்றாண்டார்கோவில் பக்கம் போய்க்கொண்டிருந்தது. நான் கடப்பாரையால் பீரோவை நெம்பி முடிப்பதற்குள் வியாகுலமேரி செங்கமலத்தின் நெஞ்சை அழுத்துவதை நிறுத்தியிருந்தாள். ஆண்டிச்சாமி வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்து மனைவியின் செருப்பில் ஒட்டிய செம்மண்ணைக் குச்சியால் தட்டிக்கொண்டிருந்தார்.

டாக்டர் திரும்பி வந்து முதல் தடவையாக எஞ்சினை அணைத்தார். வியாகுலமேரியின் தலையில் கை வைத்தார். "பயப்படாதம்மா. நான் பாத்துக்கறேன்." அவள் அப்போதுதான் அழுதாள்.

மறுநாள் எங்களைத் தனித்தனியாகக் கூப்பிட்டார். புதுக்கோட்டையிலிருந்து ஹெல்த் ஆபீஸர் திங்கட்கிழமை விசாரிக்க வருகிறாராம், வியாகுலமேரிக்கு நல்லதாக நாலு வார்த்தை எழுதித் தர வேண்டுமாம். அற்புதமேரிக்கும் பிரகதாம்பாளுக்கும் வெள்ளைத்தாள். "கீழ கையெழுத்துப் போடுங்க, மேல நான் எழுதிக்கறேன்." முதலில் எழுத்து, அப்புறம் கையெழுத்து என்று ஆறு வருஷம் பழகிய இடத்தில், இந்த ஒரு தடவை தலைகீழாக இருந்தால் என்ன என்று போட்டுவிட்டார்கள். பிச்சையம்மாள் கட்டைவிரலை மையில் தோய்த்து வைத்தாள்.

என்னிடம் வெள்ளைத்தாள் நீட்டவில்லை. எழுதி முடித்த தாளையே நீட்டினார். நான் படிக்கிறவன் என்று அவருக்குத் தெரியும். 'டாக்டர் உத்தரவு ஏதும் இல்லாத நிலையில் நர்ஸ் வியாகுலமேரி தன் இஷ்டப்படி ஊசி போட்டார்' என்று இருந்தது.

"கம்பவுண்டருக்கு இப்ப என்ன வயசு?" என்று கேட்டார்.

"அம்பத்தெட்டுங்க."

"இனிமே வேற எடத்துல சேத்துக்குவானா ஒங்கள?"

மாட்டான் என்பது எனக்கும் தெரியும். என் பெயரில் பதின்மூன்று எழுத்து இருப்பது மாதிரி தோன்றியது அன்றைக்கு, எழுதி முடிவதாக இல்லை. ஆனாலும் எழுதி முடித்தேன்.

சனிக்கிழமை மத்தியானம் புஸ்தகம் டாக்டர் மேஜைக்குப் போய்த் திரும்பி வந்தது. வியாகுலமேரி திறந்தாள். திங்கள், செவ்வாய், வியாழன், வெள்ளி, எல்லா வரிக்கும் எதிரே பல்லி ஓடியிருந்தது. புதன்கிழமையில் செங்கமலம் பெயர் உள்ள வரிக்கு எதிரே மட்டும் வெறும் காகிதம். மேலேயும் கீழேயும் கையெழுத்து, நடுவில் வெள்ளை.

அவள் புஸ்தகத்தோடு உள்ளே போனாள். கதவைச் சாத்தவில்லை.

"சார், ஒரு வரி விட்டுப்போச்சு."

"விட்டுப் போகல."

"நீங்கதான் சார் போடச் சொன்னீங்க."

"எழுதியிருக்கறது யாரு கையெழுத்து? ஊசி போட்டது யாரு கை?" குரல் உயரவில்லை. "ஒரு லெட்டர் எழுதிக் குடு. தெரியாம செஞ்சிட்டேன்னு. கவுன்சில்ல பேரு போகும். போகட்டும். இங்கயே ஆயாவா இருந்துக்க. மக மாதிரிங்கறதாலதான் சொல்றேன்."

"எழுதலைன்னா?"

"நாலு பேரு எழுதிக் குடுத்திருக்காங்க. நீ ஒருத்தி சொன்னா எடுபடுமா? அப்புறம் போலீசு, கோர்ட்டு."

அவள் வெளியே வந்தபோது நாங்கள் நாலு பேரும் வராந்தாவில் இருந்தோம். எங்களைத் திட்டவில்லை. "அண்ணே, நீங்களுமா?" என்று மட்டும் என்னிடம் கேட்டுவிட்டு, சாயங்கால மாத்திரைத் தட்டை எடுத்துக்கொண்டு வார்டுக்குப் போனாள். என் கையெழுத்தை மதராஸ் வரைக்கும் கேட்கும்படி யாரோ உரக்கப் படித்தது போல் இருந்தது எனக்கு.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அவள் நேரே ஆண்டிச்சாமி வீட்டுக்கு நடந்தாள். நானும் பத்தடி பின்னால் போனேன். அவர் குடிசை வாசலில் பிடுங்கிய கடலைச்செடி காயாமல் குவிந்து கிடந்தது. நர்ஸ் தன் இஷ்டத்துக்கு ஊசி போட்டுவிட்டாள் என்று டாக்டர் சொல்லி அனுப்பிய சேதி முன்பே வந்திருந்தது.

"என்னாத்துக்கு வந்த இங்கிட்டு?" என்றார்.

"நடந்தத ஒங்களுக்குச் சொல்லணும். அக்கா முன்னாடி ஊசியில தடிச்சதுன்னு என்கிட்டச் சொன்னாங்க. நான் டாக்டர்கிட்டச் சொன்னேன். அவரு போடுன்னாரு. அதுக்கப்புறம் நான் மாட்டேன்னு சொல்லியிருக்கணும். அப்படிச் சொல்ல எனக்குச் சட்டத்துல எடம் இருக்கு. சொல்லாமப் போட்டேன். அது என் தப்பு."

அவர் ஒரு செடியை எடுத்துக் கடலையை உருவத் தொடங்கினார்.

"டாக்டர் வரலையே," என்றார் கடைசியில். "ஆள்தான் வந்துச்சு. தப்பு பண்ணுனேன்னு சொல்லிக்கிட்டு வந்தது நீ ஒருத்திதான்."

"நாளைக்கு ஆபீஸர் வர்றாரு. அக்கா சொன்னத நீங்களும் சொல்லணும்."

அவர் அடுத்த செடியை எடுத்தார். பாதி மூட்டை கடலை உருவி முடிகிற வரை பார்த்துவிட்டுத் திரும்பினோம்.

மத்தியானம் சிரிஞ்சு கொதிக்கிற அறையில் நான் எல்லோரையும் கூட்டினேன். வாழ்நாளில் நான் கூட்டிய முதல் கூட்டம், நாலு பேர் வந்திருந்தார்கள். தாளில் இருந்ததை வரி பிசகாமல் சொன்னேன். படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன் என்பதையும் சொன்னேன்.

பிரகதாம்பாள் என்னைப் பார்த்தாள். "படிக்காமப் போட்ட எங்களுக்கு முட்டாள்னு பேரு. படிச்சிட்டுப் போட்ட ஒங்களுக்கு என்னா பேரு அண்ணே?"

"அதைத்தான் நாலு நாளா தேடறேன்," என்றேன்.

பிச்சையம்மாள் தன் கட்டைவிரலைப் பார்த்தாள். "இந்த வெரல வெட்டியா எறிய முடியும்? நாலு வாளி தண்ணி ஊத்திக் கழுவிட்டேன். மை போயிருச்சு, காகிதத்துல இருக்கே."

"காகிதத்துக்குக் காகிதந்தான் பதில்," என்றாள் அற்புதமேரி. "அவர் எழுதினது ஒண்ணு. நாம நாலு பேரும் நாம பாத்தத மட்டும், கேட்டத மட்டும் எழுதுவோம். வெள்ளைத்தாள்ல கையெழுத்து வாங்கினதையும் எழுதுவோம். மூணு படி. ஆபீஸருக்கு ஒண்ணு, கவுன்சிலுக்கு ஒண்ணு, திருச்சி கலெக்டருக்கு ஒண்ணு."

"நான் டெஸ்ட் போடாமப் போட்டேங்கறதையும் சேத்து எழுதுங்க," என்றாள் வியாகுலமேரி.

"அத எதுக்குடி?" என்றாள் அற்புதமேரி.

"ஒரு பொய்யை எடுக்கறதுக்கு இன்னொண்ண வைக்கக் கூடாது."

எழுதினோம். பிச்சையம்மாள் சொல்லச் சொல்ல நான் எழுதி, இரண்டு தடவை உரக்கப் படித்துக் காட்டினேன். நடுவில் ஒரு வார்த்தையை மாற்றச் சொன்னாள். 'கத்தினார்' இல்லையாம், 'அதட்டினார்' என்று இருக்க வேண்டுமாம். மாற்றினேன். அதன் பிறகுதான் விரலை வைத்தாள்.

திங்கட்கிழமை காலை டாக்டர் காரை உறுமவிட்டு ஜன்னல் வழியாக, "ஒம்பதுக்கு பென்சிலின் ரெண்டு லட்சம்," என்றார். பிரகதாம்பாள் புஸ்தகத்தையும் பேனாவையும் நீட்டினாள்.

"எழுதிக் குடுங்க சார்."

"என்னது?"

"நீங்க எழுதிக் கையெழுத்துப் போட்டா நாங்க செய்வோம். டெஸ்ட் போட்டுப் பாத்துட்டு."

அவர் அவளைத் தாண்டிப் பார்த்தார். வராந்தாவில் நாங்கள் நின்றோம். நான் எங்கள் காகிதத்தைக் கொடுத்தேன். படித்தார். முகம் வெளுத்தது, சிவந்தது, பிறகு சாதாரணமாக ஆனது. அந்தச் சாதாரணம்தான் எங்களுக்குப் பயமாக இருந்தது.

"ஆவுடையப்பா, நீயுமா?"

"ஆமாங்க. கொஞ்சம் லேட்டுங்க."

"அஞ்சு பேரும் இந்த நிமிசமே வெளிய போங்க. வேலை இல்ல ஒங்களுக்கு."

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இதை நாங்கள் எதிர்பார்த்திருந்தோம். வியாகுலமேரிதான் பேசினாள்.

"சரிங்க சார். சார்ஜ் எடுத்துக்கறதுக்கு நர்ஸ் வரட்டும், வார்டை ஒப்படைச்சிட்டுப் போறோம்."

"எந்த நர்ஸ்?"

"யாரா இருந்தாலும் சரி. பதிஞ்சவங்களா இருக்கணும். ஒப்படைக்காமப் போனா கேடு நோயாளிக்குத்தான். அதுக்கு நாங்கதான் ஜவாப் சொல்லணும். உள்ள இருபத்தோரு பேரு இருக்காங்க சார்."

அந்த வட்டாரத்தில் இந்தப் பக்கம் ஆவுடையார்கோவில் வரை, அந்தப் பக்கம் குன்றாண்டார்கோவில் வரை சும்மா இருக்கிற நர்ஸ் ஒருத்திகூட இல்லை என்பது டாக்டருக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும். கார் எஞ்சின் இரண்டு தடவை இருமியது. அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சாத்திய கதவுக்குப் பின்னால் போன் சுழற்றும் சத்தம் கேட்டது. வக்கீலாக இருக்கும், போலீசாகவும் இருக்கலாம்.

வேலை போன ஐந்து பேரும் வேலைக்குப் போனோம். அற்புதமேரி ஜுரம் பார்த்தாள். பிரகதாம்பாள் கட்டு மாற்றினாள். வியாகுலமேரி ஒரு கிழவருக்குக் கஞ்சி ஊட்டினாள். ஒரு சொட்டுக் கஞ்சி சிந்தவில்லை. நாளைக்கு அவள் நர்ஸா இல்லையா என்பதை மதராஸில் யாரோ முடிவு செய்வார்கள். ஆபீஸர் டாக்டரின் சிநேகிதர் என்றும் ஒரு பேச்சு இருந்தது.

பத்து மணி வாக்கில் ஆண்டிச்சாமி வந்தார். அவரோடு கடலைக்காட்டில் வேலை பார்க்கிற ஏழெட்டுப் பேர் வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்தார்கள்.

"ஆபீஸர் வந்துட்டாரா?"

"இன்னும் இல்லண்ணே," என்றாள் வியாகுலமேரி. "எப்ப வருவாருன்னும் தெரியல."

"வரட்டும். கடலை ஒரு நாள் செடியிலேயே கெடந்தா ஒண்ணும் ஆயிராது."

சும்மா உட்கார அவருக்குப் பிடிக்கவில்லை. எழுந்து கிணற்றடிக்குப் போய், பிச்சையம்மாள் கையிலிருந்த கயிற்றை வாங்கிக்கொண்டார். அவள் நகர்ந்து நின்று, "பதினேழு எறைச்சாச்சு தம்பி, இன்னும் இருபத்துமூணு இருக்கு," என்றாள். அவர் உள்ளங்கையில் துப்பித் தேய்த்துக்கொண்டு கயிற்றை இழுக்க ஆரம்பித்தார்.