இருபத்து மூன்று விதிவிலக்குகள்

மூன்று முறை தள்ளிப்போன தேனிலவை நான்காவது முறையும் தள்ளிப்போட ஓர் ‘அல்லது’ கிளம்பி வந்தது.

அவனுக்கு அலுவலகத்தில் ‘இடைவெளி’ என்று பெயர். கணினி நிரல் எழுதுகிறவர்களுக்கான எடிட்டர் ஒன்றை அந்தச் சின்ன நிறுவனம் தயாரித்தது. அதில் என்டர் தட்டியதும் அடுத்த வரி எத்தனை இடம் தள்ளித் தொடங்க வேண்டும் என்று தீர்மானிக்கும் பகுதி அவனுடையது. நான்கு வருடங்களாக வெறும் இடத்தை விற்றுச் சம்பளம் வாங்குகிறான் என்று கூட வேலை செய்கிறவர்கள் சொல்லிச் சிரிப்பார்கள். சோதனைப் பிரிவில் இருந்த அவன் மனைவிக்கு ‘வடிகட்டி’ என்று பெயர். அவள் கண்ணுக்கு ஒரு தவறும் தப்பாது. அலுவலகத்தில் சார், மேடம். வீட்டில் வேலையைப் பற்றி மூச்சுவிடக் கூடாது. இது கல்யாணத்துக்கு முன்பே அவர்கள் போட்ட ஒப்பந்தம்.

அன்று மாலை ஆறு மணிக்கு பஸ். காலை பத்து மணிக்கு அவள் ஒரு வாடிக்கையாளரின் புகாரோடு வந்து நின்றாள். ‘அல்லது’ என்று தொடங்கும் ஒவ்வொரு வரியும் முந்தைய வரியைவிட வலப்பக்கம் நகர்ந்து, ஏழாவது வரி திரையை விட்டே போயிருந்தது.

“படிக்கட்டு மாதிரி அழகாத்தானே இருக்கு, மேடம்?”

“அவர் படிக்கட்டு கேக்கலை, சார். எல்லாம் ஒரே நேர்ல நிக்கணுமாம்.”

மேலாளர் கதவருகில் இருந்தே சொல்லிவிட்டார். “நாலு மணிக்குள்ள சரியாகலைன்னா லீவை மறந்துடுங்க. ரெண்டு பேருமே.”

விஷயம் இதுதான். பெருக்கல் கூட்டலை முந்திக்கொள்வதைப் போல நிரலில் நிபந்தனைகளைக் கோக்கும்போது ‘மற்றும்’ ‘அல்லது’வை முந்த வேண்டும். எடிட்டரோ ‘அல்லது’வை முந்தவிட்டு, பக்கத்தில் கிடைத்ததோடு அதை ஒட்டவைத்து, ஒவ்வொரு தடவையும் ஒரு படி உள்ளே தள்ளியது. யார் யாரை முந்தலாம் என்று ஒரு பட்டியல் உண்டு. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் அவனே எழுதியது. அதனாலேயே அதன்மேல் அவனுக்குச் சந்தேகம் வரவில்லை.

வழக்கம்போல, இந்த இடத்துக்கு மட்டும் வேறு கணக்கு என்று ஒரு விதிவிலக்கு எழுதினான். ஏற்கெனவே அப்படி இருபத்து மூன்று இருந்தன. ஒவ்வொன்றுக்கும் தேதி போட்டு, விளக்கம் எழுதி, பெற்ற பிள்ளைகளைப் போல வைத்திருந்தான். இருபத்து நான்காவது ஒரு வரியை நிமிர்த்தி ஒன்பது வரிகளைச் சாய்த்தது. அழித்துவிட்டுச் சாப்பிடப் போனான்.

சாப்பாட்டு மேஜை மட்டும் வீட்டுக் கணக்கில் சேர்த்தி. எதிரில் அவள் டிபன் பாக்ஸைத் திறந்தாள். “பெட்டி காலையிலயே நிறைஞ்சிருச்சுங்க. உங்க சட்டைக்கு இடமில்லை.”

“பின்ன எதைத்தான் வச்சே?”

“நீங்க எழுதிக் கொடுத்த லிஸ்ட்படிதான். செஸ் போர்டு, பைனாகுலர், கேமரா ஸ்டாண்டு.”

“அதெல்லாம் கடைசிம்மா. சட்டைக்கு ஒண்ணுன்னு போட்டிருந்தேனே.”

“செஸ் போர்டுக்குப் பதினாலு போட்டிருந்தீங்க. சட்டைக்கு வெறும் ஒண்ணு. இவருக்குத் துணிமணியே வேண்டாம்போலன்னு நினைச்சேன்.”

“அது ரேங்க்.”

“நான் மார்க்னு நினைச்சேன்.”

அவன் கை வாய்க்குப் பாதி வழியில் நின்றது. பட்டியலில் பெருக்கலுக்கு ஒன்று, கூட்டலுக்கு இரண்டு என்று அவன் ரேங்க் போட்டிருந்தான். அதைப் படிக்கும் பகுதியை எழுதியது வேறொருவர். அது பெரிய எண்ணுக்கே பலம் அதிகம் என்று மார்க்காக எடுத்துக்கொண்டது. நான்கு வருடங்களாகப் பட்டியல் தலைகீழாக நின்றிருக்கிறது. ஆடுகிற மேஜைக்குக் காகிதம் மடித்துவைப்பதைப் போல, இருபத்து மூன்று விதிவிலக்குகளும் அதற்கு முட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தன.

கை கழுவாமல் ஓடினான். எண்களைத் திருப்பிப் போட இரண்டே நிமிடம். சோதனைகளை ஓட்டினால் திரை முழுக்கச் சிவப்பு. பட்டியல் நேரானதும் முட்டுகள் எல்லாம் இடிக்கத் தொடங்கிவிட்டன.

“அழிச்சிடுங்க, சார்,” என்றாள் பின்னாலேயே வந்தவள்.

“பதினொண்ணாவதை மட்டும் வச்சுக்கறேனே. ஒரு வாரம் உழைச்சு எழுதினது.”

“அந்த வாரம்தான் முதல் தடவை டிக்கெட்டை கேன்சல் பண்ணினோம்.”

அழித்தான். மணி மூன்றே முக்கால். இருநூற்றுப் பன்னிரண்டு சோதனைகளில் ஒன்றைத் தவிர எல்லாம் பச்சை. அந்த ஒன்றைத் திறந்தான். நான்கு வருடப் பழசு. அவன் முடித்த முதல் வேலைக்கு அவள் எழுதிய முதல் சோதனை. அதே ‘அல்லது’, அதே தப்பான இடம். எதிரே அவள் எழுதியிருந்தாள்: ‘சரி’.

“மேடம், இது தப்பாச்சே. உங்க கண்ணுக்கு எப்படித் தப்பிச்சது?”

அவள் அடையாள அட்டையின் கயிற்றை விரலில் சுற்றினாள். “தப்பிக்கலை. அன்னிக்கே தெரியும்.”

“அப்புறம்?”

“நீங்க என் மேஜைகிட்ட நின்னுட்டிருந்தீங்க. சட்டை பட்டனை வேற ஒண்ணு மாத்திப் போட்டிருந்தீங்க. எப்படிங்க தப்புன்னு போடறது? அடுத்த வாரம் சொல்லிக்கலாம்னு விட்டுட்டேன்.”

“அடுத்த வாரம் ஏன் சொல்லலை?”

“அடுத்த வாரம் நீங்க காபிக்குக் கூப்பிட்டீங்களே.”

அவன் மனசுக்குள் கணக்குப் போட்டான். நான்கு வருடம், இருபத்து மூன்று பிள்ளைகள், மூன்று டிக்கெட்டுகள். “அப்போ எல்லாத்துக்கும் காரணம் நீதானா?”

“ஆபீஸ்ல நீ, வா, போன்னு பேசக் கூடாது, சார்,” என்றபடி அவள் குனிந்து தன் ‘சரி’யை அழித்து, ‘அல்லது’வை அதன் இடத்தில் நிறுத்தினாள். கடைசிச் சிவப்பும் பச்சையானது. மணி நான்காக இரண்டு நிமிடம் இருந்தது.

பெட்டியைப் பிரித்து அடுக்க நேரமில்லை. அந்தப் பயணத்தின் நான்கு நாள் படங்களிலும் அவன் ஒரே சட்டையில்தான் நிற்கிறான். பார்த்துவிட்டுக் கேட்கிறவர்களிடம், எல்லாம் ஒரே நாளில் எடுத்தது என்று அவள் கண்ணிமைக்காமல் சொல்வாள்.