தண்ணீருக்கு ஒரு துளை

"தண்ணி உள்ளயே போகாதுன்னா, வெளிய வாறதுக்கு எதுக்குப்பா ஓட்டை?"

வெண்ணிலா அப்போது இரண்டாம் வகுப்பு. சூரமங்கலத்தில் கைலாசம் வீட்டு மொட்டைமாடியில், ரப்பர் டேப் சுருளை வளையலைப் போல மணிக்கட்டில் மாட்டிக்கொண்டு, அப்பா கேட்கும்போதெல்லாம் கழற்றிக் கொடுத்தபடி நின்றிருந்தாள். தனசேகரின் கையில் உள்ளங்கை அளவுள்ள பிளாஸ்டிக் பெட்டி ஒன்று இருந்தது. ஆன்டெனாவின் இரண்டு கம்பிகளும் வீட்டுக்குள்ளிருந்து வரும் கேபிளும் அதில்தான் கூடும். கேபிள் முனையிலிருந்த கனெக்டரைப் பெட்டியின் அடியில் திருகியாகிவிட்டது. அதன் பக்கத்திலேயே தீக்குச்சி நுழையும் அளவில் ஒரு துளை. முப்பது வருடங்களுக்கு முன் கைலாசம் தன் கையால் போட்டது.

"அந்தக் காலத்துல நல்ல டேப்பு கெடையாது கண்ணு, அதுக்காவப் போட்டது" என்று தனசேகர் சிரித்தான். "எண்ணூறு அடி ஆழத்துல, தண்ணிக்குள்ளயே கெடக்குற மோட்டாருக்கு ஜாயிண்ட் போடுறவன் உங்கப்பன். இந்த மழையெல்லாம் எந்த மூலைக்கு?"

துளையில் பசையை அப்பினான். மேலிருந்து கீழாக டேப்பை இழுத்து இழுத்துச் சுற்றினான். பெட்டியும் கனெக்டரும் ஒரே கறுப்பு உருண்டையாகிவிட்டன. முழங்கால் வலியால் மாடிப்படியின் மேல்படியிலேயே உட்கார்ந்துவிட்ட கைலாசம், ஏதோ சொல்ல வாயெடுத்தவர் போலத் தெரிந்தது. பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

அந்த வேலையைத் தனசேகர் கேட்டு வாங்கிச் செய்தான். அவன் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் லாரிகளோடு வடக்கே சுற்றித் திரிந்து, பிறகு புதுச்சத்திரத்தில் மோட்டார் ரிப்பேர் கடை போட்டவன். சென்னையில் வெள்ளம் புகுந்த வருடம், அவன் தங்கை ராசாத்தி பத்து நாள் குழந்தையோடு அங்கே மாட்டிக்கொண்டாள். மூன்று நாள் போன் போகவில்லை. சேலம் ஜங்ஷனில் யாரோ ஒருவர், ரயில்வேயில் தந்திப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற கைலாசம் என்பவர் போனில்லாமலே ஊர்விட்டு ஊர் பேசுகிற ஹாம் ரேடியோ வைத்திருக்கிறார், கேட்டுப் பாருங்கள் என்றார். முன்பின் அறியாத அந்த மனிதர் ராசாத்தியின் பெயரையும் தெருவையும் எழுதிக்கொண்டு, ஒன்றரை நாள் ரேடியோ முன்னாலிருந்து எழுந்திருக்கவில்லை. செய்தி கிடைத்தபோது தனசேகரின் போனுக்கும் லைன் கிடைக்கவில்லை. அவர் பஸ் ஏறிப் புதுச்சத்திரத்துக்கே வந்து, கடை வாசலில் நின்று சொன்னார்:

"தாயும் குழந்தையும் ஒரு பள்ளிக்கூடத்து மாடியில சவுக்கியமா இருக்காங்க தம்பி. பால் கிடைக்குதாம்."

தனசேகர் அவர் காலில் விழப் போனான். "செய்தியக் கொண்டாந்து சேர்க்கறது மட்டுந்தான் நம்ம வேலை" என்று அவனைத் தூக்கி நிறுத்திவிட்டு, அடுத்த பஸ்ஸில் அவர் திரும்பிப் போய்விட்டார்.

அந்த முகத்தை மறக்க முடியாமல்தான் தனசேகரும் பரீட்சை எழுதி ஹாம் லைசென்ஸ் வாங்கினான். கைலாசம் தினமும் காலை ஆறரைக்கு ரேடியோவில் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி அழைப்பார். அவரவர் ஊரிலிருந்து பதில் வரும். அந்த ரேடியோவின் நெற்றியில் நாமக்கல் ஆஞ்சநேயர் படம் ஒட்டியிருக்கும். கூரையில்லாமல் வெயிலிலும் மழையிலும் நிற்கிற சாமி. சேதி கொண்டுபோனவரும் அவர்தானே என்பார் கைலாசம்.

அவருக்குத் தன்னால் ஆனது மாடியில் செய்த அந்த டேப் வேலை ஒன்றுதான் என்று நினைத்தான் தனசேகர். டேப் சுற்றுவதில் அவனை மிஞ்ச ஆளில்லை. அதே பெருமையில், கெங்கவல்லிப் பக்கம் ஆற்றோரப் பள்ளிக்கூடம் ஒன்றில் அவசரகாலத்துக்கென்று ஹாம் நண்பர்கள் ஆன்டெனா கட்டியபோதும், அவனே பெட்டியை வாங்கித் துளையை அடைத்துச் சுற்றினான்.

மூன்று வருடம் ஒன்றும் ஆகவில்லை. நாலாம் வருடம் கார்த்திகையில் புயல் மழை பிடித்துக்கொண்டது. ஆற்றில் வெள்ளம் வந்து கெங்கவல்லிப் பக்கம் சில ஊர்கள் துண்டிக்கப்பட்டன. அந்தப் பள்ளிக்கூடத்திலிருந்து நண்பர் ஒருவர் செய்திகளை ஒவ்வொன்றாகச் சொல்ல, கைலாசம் எழுதிக்கொண்டிருந்தார். கோழித்தீவனம் ஏற்றிப்போன லாரி டிரைவர் மணிமாறன் பத்திரம், ராசிபுரத்திலிருக்கும் அவன் அம்மா மாரக்காளிடம் சொல்லவேண்டும் என்பதுவரை வந்தது. தெருப்பெயர் இரைச்சலில் அமுங்கிவிட்டது. திருப்பிச் சொல்லுங்கள் என்று கேட்கக் கைலாசம் பொத்தானை அழுத்தினார். ரேடியோவிலிருந்து கருகிய வாசம் வந்தது. அதோடு சரி.

அன்றிலிருந்து காலை ஆறரைக்கு அந்தக் குரல் வரவில்லை. தனசேகர் போன் பண்ணினால், "செட்டு போயிருச்சு தம்பி, பார்க்கலாம்" என்பார். பங்குனியில் அவரே கூப்பிட்டார்.

"அந்த ஆன்டெனாவ இறக்கிக் குடுத்துட்டுப் போறியா? கம்பி காத்துல ஆடுது. யார் தலையிலயாவது விழுந்துடப் போகுது."

"ஏனுங்கய்யா, இறக்கிட்டா அப்புறம்?"

"அப்புறம் என்ன. போதும்."

தனசேகர் தனியாக மாடிக்குப் போனான். கம்பத்தைச் சாய்த்து, கறுப்பு உருண்டையைக் கையில் எடுத்தபோதே எடை உறுத்தியது. பிளேடால் கீறினான். தண்ணீர் கொட்டியது. ஒரு டம்ளருக்குக் குறையாது. பச்சைப் பச்சையாய், செம்புப் பாத்திரத்தில் பல நாள் கிடந்த தண்ணீர் போல. கனெக்டருக்குள் பச்சை பூத்திருந்தது. கேபிளை ஒரு முழம் வெட்டிப் பார்த்தான். உள்ளே பின்னல் கம்பி கறுத்து நனைந்திருந்தது. ரேடியோ அனுப்பிய சக்தி மேலே போக வழியில்லாமல் திரும்பிவந்து ரேடியோவையே எரித்திருக்கிறது. அப்படித் திரும்பி வருவதைக் காட்டத்தான் ரேடியோவில் மீட்டர் முள் இருக்கிறது.

அவன் சுற்றிய டேப் எங்கும் விடவில்லை. அதுதான் வினையாகிவிட்டது. மேலே ஏதோ மயிரிழைச் சந்தில் இறங்கிய ஈரம், பகல் சூட்டிலும் இரவுக் குளிரிலும் பெட்டிக்குள்ளேயே வேர்த்த ஈரம், எல்லாம் மூன்று வருடமாக வெளியே போக இடமில்லாமல் உள்ளேயே சேர்ந்திருக்கிறது. கிணற்றுக்குள் கிடக்கும் மோட்டாருக்குச் சுற்றுகிற மாதிரி, வானத்தைப் பார்த்து நிற்கும் பெட்டிக்குச் சுற்றிவிட்டான்.

கீழே வந்தபோது கைலாசம் கேட்டார்: "எப்படி இருந்துச்சு?"

"கேபிள் பழசாயிருச்சுங்க."

சொல்லி முடித்ததும் நாக்கு கசந்தது. அவர் தலையை ஆட்டிவிட்டுச் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ரேடியோ இருந்த மேசையில் மாத்திரை டப்பாக்கள் இருந்தன.

வாசல் கேட் வரை கைலாசத்தின் மனைவி நல்லம்மாள் கூட வந்தார்.

"அந்தக் கம்பியைக் காக்காய்க்குக் கட்டுன ஊஞ்சல்னு தெருவே கேலி பண்ணும். நானும் பண்ணுவேன். இப்ப அது இறங்கினா எனக்கே என்னமோ மாதிரி இருக்கு சாமி."

"ஐயா ஏனுங்கம்மா இப்படி வெறுத்துட்டாரு? செட்டச் சரி பண்ணிக்கலாமுங்களே."

"செட்டா பெருசு? அந்த ராசிபுரத்தம்மாவுக்குச் சேதி போய்ச் சேரலை. ரெண்டு நாள் மகனைப் பறிகொடுத்தவளா ஒப்பாரி வெச்சிருக்கா. மூணாம் நாள் அவன் வந்து நின்னான், மாரியாத்தா புண்ணியம். இவரு வெள்ளம் வடிஞ்சதும், முட்டிக்கால இழுத்துக்கிட்டு ராசிபுரம் போயி, தெருத்தெருவா விசாரிச்சு அவ ஊட்டைக் கண்டுபிடிச்சு, கையெடுத்துக் கும்புட்டுட்டு வந்தாரு. என் தப்புதாம்மா, வயசாயிருச்சு, மீட்டரைப் பார்க்காமப் பேசிச் செட்டை எரிச்சுட்டேன்னு. நானுந்தான் கூடப் போயிருந்தேன்."

தனசேகர் வண்டியை எடுத்தான். கொண்டலாம்பட்டி தாண்டி, மல்லூர் வரை வந்துவிட்டான். லாரிகள் காற்றை அடித்துக்கொண்டு போயின. எழுபத்தாறு வயது மனிதர் தன் தப்பென்று ஒரு வீட்டு வாசலில் கைகூப்பி நின்றிருக்கிறார், அது யார் தப்பு என்றுகூடத் தெரியாமல். சாலையோரம் வண்டியை நிறுத்திக் கொஞ்ச நேரம் நின்றான். பிறகு திருப்பினான்.

கைலாசம் அதே நாற்காலியில் இருந்தார். தனசேகர் பச்சை பூத்த கனெக்டரை அவர் உள்ளங்கையில் வைத்தான்.

"கேபிள் பழசில்லீங்க. பொய் சொன்னேன். தண்ணி கட்டிக்கிச்சு. நீங்க போட்டிருந்த ஓட்டைய நாந்தான் அடைச்சேன்."

அவர் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு செய்தி எழுதும் நோட்டை எடுத்துவரச் சொன்னார். புயல் நாள் பக்கத்தில், மாரக்காள், ராசிபுரம் என்று எழுதி, தெருப்பெயருக்கு இடம் விட்டிருந்தது. அதன் கீழே நடுங்கிய எழுத்தில்: மீட்டர் முள்ளைப் பார்க்கவில்லை. என் தவறு.

"முள்ளைப் பார்த்தேன்னுதான் எனக்கு ஞாபகம்" என்றார் மெதுவாக. "எப்பவும் பார்ப்பேன். காலையில சரியா இருந்துச்சு. ஆனா செட்டு எரிஞ்சுதே. அப்ப பார்க்கலைன்னுதானே அர்த்தம்? அப்படியே என்னை நானே நம்ப வெச்சுட்டேன். அப்புறம் ஒவ்வொண்ணுலயும் சந்தேகம். மாத்திரை போட்டனா இல்லையான்னு இவளை நாலு தரம் கேட்பேன்."

"அஞ்சு தரம்" என்றார் நல்லம்மாள் சமையலறையிலிருந்து.

தனசேகர் தரையில் உட்கார்ந்துவிட்டான். "என்னைய ரெண்டு திட்டுத் திட்டிருங்கய்யா."

"இரு. உன் பொண்ணு அன்னிக்கு ஒண்ணு கேட்டா இல்ல? படியில உட்கார்ந்திருந்த எனக்கும் கேட்டுச்சு. பதில் எனக்குத் தெரியும். எவ்வளவு சுத்தினாலும் தண்ணி எப்படியாவது வரும், வந்தது போறதுக்கு வழி விடணும்னு சொல்லியிருக்கலாம். அவ்வளவு ஆசையா வேலை செய்யற பையன், மக முன்னாடி முகம் வாடிடுமேன்னு வாயை மூடிக்கிட்டேன்." கனெக்டரை நோட்டின்மேல் வைத்தார். "அது என் பங்கு. மீதி உன் பங்கு. சரியாப் போச்சு."

"அந்தம்மாகிட்ட நான் போயிச் சொல்லட்டுங்களா?"

"வேண்டாம். மகன் வந்து சேர்ந்த வீடு. மறுபடி போயி அந்த ரெண்டு நாளைக் கிளறாதே." அவர் மேசையைப் பார்த்தார். "நல்லம்மா, இந்த மாத்திரை டப்பாவுக்கு வேற இடம் பாரு."

ரேடியோவைத் தனசேகர் கடைக்குக் கொண்டுபோய், கருகிய பாகங்களைத் தேடி வாங்கிப் போட்டான். ஆன்டெனாவைப் புதுக் கேபிளோடு திரும்ப ஏற்றினான். சித்திரை முதல் வாரம் ஒரு காலை, ஆறரைக்கு, அந்தக் குரல் பெயர்களை வரிசையாக அழைத்தது. தனசேகரின் பெயர் வந்தபோது பொத்தானை அழுத்திப் பதில் சொன்னான்.

"அன்னிக்கு நீ ஓட்டை எதுக்குன்னு கேட்டியே கண்ணு, ஐயா வூட்டு மாடில" என்று வெண்ணிலாவிடம் சொன்னான். அவள் இப்போது ஆறாம் வகுப்பு முடித்திருந்தாள்.

"நான் கேட்டனா?" அவளுக்கு நினைவில்லை. "பரவால்லையே நானு."

அந்த ஞாயிற்றுக்கிழமை, எங்கே போகிறேன் என்று வீட்டில் சொல்லாமல், பையில் சாமான்களைப் போட்டுக்கொண்டு ஆத்தூர் வழியாகப் பஸ்ஸில் போனான். ஆற்றோரப் பள்ளிக்கூடத்தின் தலைமை ஆசிரியையிடம் முன்தினமே போனில், ஆன்டெனாவை ஒரு தரம் பார்த்துவிட்டுப் போகிறேன் என்று கேட்டிருந்தான். கேட் பூட்டியிருக்காது, ஏணி பின்பக்கம் இருக்கிறது, யாரும் இருக்க மாட்டார்கள் என்று சொல்லியிருந்தார். அந்த ஆன்டெனாவுக்கு ஒன்றும் ஆகவில்லையே, புயலிலும் தாங்கியதே என்றும் கேட்டார்.

"ஆமாங்க. சும்மா பாத்துட்டு வாரேன்."

மொட்டைமாடியில் வெயில் காலைச் சுட்டது. கம்பத்தைச் சாய்த்து உருண்டையைக் கையில் ஏந்தினான். இதுவும் கனத்தது. கீறியதும் தண்ணீர் அவன் மணிக்கட்டில் வழிந்தது, வெதுவெதுப்பாக. இன்னொரு மழைக்காலம் தாங்கியிருக்காது. புயலன்று இங்கே எத்தனை பேர் படுத்திருந்தார்கள், எத்தனை வீடுகளுக்கு இங்கிருந்து செய்தி போயிற்று என்று அவனுக்குத் தெரியாது. மணிமாறன் இந்த மாடியில் எந்த மூலையில் நின்று தன் அம்மாவின் பெயரைச் சொன்னானோ.

பெட்டியைத் துடைத்து, திறந்தபடியே வெயிலில் காயவைத்தான். நனைந்த கேபிளை வெட்டி எறிந்து, கொண்டுவந்ததை இழுத்து, புதுக் கனெக்டரைப் பற்றவைத்தான். டேப்பை இந்தமுறை கீழிருந்து மேலாக, ஓடு வேய்வது போல, மேல் சுற்று கீழ்ச் சுற்றை மூடும்படி சுற்றினான். கேபிளைக் கொஞ்சம் தொங்கவிட்டு வளைத்தான், வழிகிற மழை அந்த வளைவிலேயே சொட்டிப் போகட்டும் என்று. துளையிலிருந்த பழைய பசையைச் சுரண்டி எடுத்து, தீக்குச்சியை விட்டு அடைப்பில்லையென்று பார்த்தான். இன்னொரு தரமும் பார்த்தான்.

கம்பத்தை நிமிர்த்திக் கட்டியபோது மணி மூன்று. மைதானத்தில் வேப்பம்பூ உதிர்ந்து கிடந்தது. வெட்டிய டேப்பையும் கேபிள் துண்டுகளையும் ஒன்றுவிடாமல் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டான். இறங்கி வந்து ஏணியை இருந்த இடத்திலேயே சாய்த்துவைத்தான். கேட்டைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு, பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தான்.